இடது காதில் மட்டும் சில்வண்டு சத்தம், காதும் மந்தம்: மலை இறங்குவதாலா, வேறு ஏதாவதா?

மிளகுக்கொடி | புதன், இரவு 8.50

எல்லோருக்கும் வணக்கம். நான் ஏற்காட்டில் நாகலூர் பக்கம். கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, அது போக ஒரு பிக்கப் வண்டி வைத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டக்காரர்கள் சரக்கையும் சேர்த்து சேலம் லீ பஜாருக்கு இறக்குகிறேன். வயது 41. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை எழுந்தபோது சில்வண்டு விடாமல் கத்திக்கொண்டிருந்தது. என்ன இது இப்படிக் கத்துகிறது என்று வீட்டில் கேட்டேன். "தை மாசக் குளிரில் ஏது சில்வண்டு?" என்றாள். அப்போதுதான் உறைத்தது, சத்தம் வெளியே இல்லை, என் இடது காதுக்குள்.

இன்றோடு நாலு நாள். சத்தம் நிற்கவில்லை. அதோடு அந்தக் காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது, போனை வைத்தால் எதிரில் பேசுபவர் கிணற்றுக்குள் நின்று பேசுவது போல, சொல் பிரியவே இல்லை. வலது காது பழைய மாதிரியேதான் இருக்கிறது. வலி, சீழ், காய்ச்சல் எதுவும் கிடையாது. போன வாரம் லேசாக ஜலதோஷம் பிடித்திருந்தது. திங்கட்கிழமை மருந்துக்கடையில் சொன்னேன், அழுக்காக இருக்கும் என்று சொட்டு மருந்தும் சளி மாத்திரையும் கொடுத்தார்கள், ஒன்றும் மாறவில்லை.

எனக்குத் தோன்றுவது மலைதான். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் வருவதற்குள் காது அடைக்கும், மூக்கைப் பிடித்து ஊதினால் டப்பென்று திறக்கும், சின்ன வயதிலிருந்தே பழகியதுதான். சனிக்கிழமையும் அப்படித்தான் இறங்கினேன், ஊதினேன். இந்தத் தடவை சரியாகத் திறக்கவில்லையோ என்னவோ. வரும் சனிக்கிழமை மறுபடி லோடு இறக்க வருகிறேன், அப்போது யாரையாவது பார்த்தால் போதுமா, இல்லை அதற்குள் தானாகவே திறந்துவிடுமா? இந்த மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

அஸ்தம்பட்டிக்காரன் | புதன், இரவு 9.05

பயப்பட ஒன்றுமில்லை தம்பி. நல்லெண்ணெயில் ரெண்டு பல் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக மூன்று சொட்டு விட்டுப் பஞ்சு வைத்துப் படுங்கள். காலையில் அழுக்கெல்லாம் தானாக வெளியே வரும். எங்கள் அம்மா செய்த வைத்தியம், எனக்கு 60 வயது, காது இன்றைக்கும் கத்தி மாதிரி.

குரங்குச்சாவடி | புதன், இரவு 9.11

அண்ணா, எங்கள் பாட்டி கோழி இறகு விட்டுக் குடைவார். இறகில் எண்ணெய் தொட்டால் ரெண்டு வைத்தியமும் ஒரே நேரத்தில் முடிந்துவிடும்.

தறிச்சத்தம் | புதன், இரவு 9.30

விளையாட்டை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். நான் அம்மாபேட்டையில் 26 வருஷமாக விசைத்தறி ஓட்டுகிறேன், இந்த இரைச்சல் எனக்கும் உண்டு, ஆனால் ரெண்டு காதிலும். தறிக்கூடத்தில் சத்தம் 95 டெசிபலைத் தாண்டும், பக்கத்தில் நிற்பவனிடம் கையைக் காட்டித்தான் பேச வேண்டும். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தாலே வருஷக் கணக்கில் காது தேயும் என்று மருத்துவ முகாமில் வந்தவர்கள் சொன்னார்கள், நம் நாட்டுத் தொழிற்சாலை விதியோ 90 வரைக்கும் விட்டுவைத்திருக்கிறது. கழிவுப் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்வோம், அது பெயருக்குத்தான்.

நான் சொல்ல வந்தது, சத்தத்தால் கெட்டால் பெரும்பாலும் ரெண்டு பக்கமும் சேர்ந்து, மெதுவாகக் கெடும். ஒரு காது மட்டும், அதுவும் ராத்திரி படுத்துக் காலையில் எழுந்திருக்கும்போது, என்பது வேறு கதை. பக்கத்தில் வெடி கிடி வெடித்ததா? எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு தீபாவளி அணுகுண்டு ஒன்று காதோரமாக வெடித்து அந்தப் பக்கம் மட்டும் போயிற்று.

மிளகுக்கொடி | புதன், இரவு 9.38

வெடி எதுவும் இல்லைங்க. பொங்கலுக்கு நாங்கள் வெடிப்பதும் இல்லை. வண்டியில் ஹாரன், காற்று எல்லாம் சன்னல் பக்கம், அதாவது வலது காதுக்கு. இடது பக்கம் லோடு ஏற்றுகிற பையன்தான் உட்காருவான், அவன் பாட்டுச் சத்தம் வேண்டுமானால் ஒரு காரணமாக இருக்கலாம்.

கொலுசுப்பட்டறை | புதன், இரவு 9.52

செவ்வாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். தலை சுற்றல் இருந்ததா என்று சொல்லுங்கள் அண்ணா. எனக்கு வலது காதில் இதே மாதிரி அடைப்பும் இரைச்சலும் வரும், ஆனால் உங்களுக்குச் சில்வண்டு, எனக்குக் கடல் இரைகிற மாதிரி கனமான சத்தம். அது வந்து கொஞ்ச நேரத்தில் வீடே சுற்றும், சும்மா கிறுகிறுப்பு இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பேன், ரெண்டு மணி மூன்று மணி நேரம். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல் ஆகிவிடும். முதலில் பித்தம் என்றார்கள், அடுத்து கழுத்து எலும்பு என்றார்கள், ஒன்றரை வருஷம் கழித்துத்தான் ஒரு ஈ.என்.டி டாக்டர் மெனியர் நோய் என்றார். 1861இல் மெனியர் என்ற பிரெஞ்சு டாக்டர்தான் இந்தச் சுற்றல் மூளையிலிருந்து வருவதில்லை, உள்காதிலிருந்து வருகிறது என்று சொன்னாராம். உள்காதில் உள்ள நீர் அளவுக்கு மீறிப் பெருகுவதாகச் சொல்கிறார்கள். சுற்றல் 20 நிமிஷத்திலிருந்து 12 மணி நேரம் வரை நீடிக்கும், கேட்கும் திறன் முதலில் கனமான, அதாவது சுருதி தாழ்ந்த ஓசைகளில் குறையும், வந்து வந்து போகும், பல வருஷம் ஆனால் போனது திரும்பி வராது.

உப்பைக் குறைக்கச் சொன்னார், ஊறுகாய், அப்பளம், சாயங்காலத் தட்டுவடை செட் எல்லாம் போயிற்று. சேலத்தில் இருந்துகொண்டு தட்டுவடை செட் சாப்பிடக் கூடாது என்பது காது கேட்காததைவிடப் பெரிய தண்டனை.

மிளகுக்கொடி | புதன், இரவு 9.58

சுற்றல் பெரிதாக இல்லைம்மா. ஞாயிற்றுக்கிழமை எழுந்தபோது கொஞ்சம் தள்ளாடியது, ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது.

கேள்விக்குறி | புதன், இரவு 10.15

மிளகுக்கொடி அண்ணா, நான் சேலத்தில் ஆடியோகிராம் எடுக்கிற வேலையில் இருக்கிறேன். டாக்டர் இல்லை, காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து கொடுப்பவள். முதலில், காய்ச்சிய எண்ணெயை அடுப்போடு வைத்துவிடுங்கள். காதுக்குள் பூச்சி புகுந்துவிட்டது என்றால் எண்ணெய் விடலாம், எஸ்டேட் ஆட்கள் நிறையப் பேர் அப்படி வருவார்கள், பூச்சி செத்த பிறகு எடுப்பது சுலபம், அதுவும் செவிப்பறையில் ஓட்டை இல்லாதவர்களுக்குத்தான். மற்றபடி பூண்டெண்ணெய் செவிப்பறையைத் தாண்டி உள்ளே போகப் போவதில்லை.

இப்போதே ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். அமைதியான இடத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் முனகுங்கள். அந்தச் சத்தம் எந்தக் காதில் கூடுதலாகக் கேட்கிறது?

காரணத்தையும் சொல்கிறேன். மற்றவர்களும் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு முனகிப் பாருங்கள், சத்தம் அடைத்த காதுக்கே ஓடும். அழுக்கு, செவிப்பறைக்குப் பின்னால் தேங்கிய நீர், மலை இறக்கத்து அடைப்பு, எதுவாக இருந்தாலும் சத்தம் போகிற பாதையில் தடை இருந்தால் அந்தக் காதிலேயே கூடக் கேட்கும். உள்காதோ நரம்போ பழுதாகியிருந்தால் சத்தம் நல்ல காதின் பக்கம் போய்விடும். டாக்டர்கள் நெற்றியில் இசைக்கவையை வைத்துப் பார்ப்பதும் இதைத்தான். இது முழுத் தீர்ப்பு இல்லை, ஆனால் நாளைக்கா சனிக்கிழமையா என்று முடிவெடுக்கப் போதும்.

மிளகுக்கொடி | புதன், இரவு 10.24

மூன்று தடவை பார்த்துவிட்டேன். வலது காதில்தான் கேட்கிறது. வீட்டில் பிள்ளைகளும் சேர்ந்து முனகுகிறார்கள்.

கேள்விக்குறி | புதன், இரவு 10.41

அப்படியானால் சனிக்கிழமை வேண்டாம் அண்ணா. நாளைக் காலை முதல் வேலையாக இறங்குங்கள். வண்டி வேண்டாம், பஸ்ஸில் வாருங்கள், தள்ளாட்டம் இருந்திருக்கிறது.

இதற்குத் திடீர் நரம்புச் செவித்திறன் இழப்பு என்று பெயர். 72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று அலைவரிசைகளில் 30 டெசிபலாவது குறைந்தால் அதில் சேர்ப்பார்கள். பெரும்பாலும் ஒரு காதில்தான் வரும், பெரும்பாலோர் காலையில் எழும்போதுதான் கவனிப்பார்கள், அடைப்பு மாதிரியே இருக்கும், இரைச்சலும் கூடவே வரும். அதனால்தான் எல்லோரும் அழுக்கு, சளி, மலை என்று நினைத்து ஒரு மாதம் ஓட்டிவிட்டு வருகிறார்கள். இதற்குக் கொடுப்பது ஸ்டீராய்டு. முதல் இரண்டு வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் எதிர்பார்க்கலாம், நாள் போகப் போகக் குறையும், ஆறு வாரம் தாண்டினால் பெரும்பாலும் கை விரித்துவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து வருகிறவர்களுக்கு அளவெடுத்துக் கொடுக்கும்போது எனக்கே கை கூசும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். மருந்தே இல்லாமல் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை ஆட்களுக்கு ஓரளவு தானாகவே திரும்பும், ஸ்டீராய்டு உறுதியாக வேலை செய்யும் என்று அடித்துச் சொல்லவும் ஆதாரம் போதாது. ஆனால் நீங்கள் எந்தப் பக்கம் என்று முன்கூட்டித் தெரியாது, காலம் போனால் வேறு வழியும் இல்லை, அதனால்தான் டாக்டர்கள் முயன்று பார்க்கிறார்கள்.

இன்னொரு கேள்வி. சனிக்கிழமை மூக்கைப் பிடித்து ஊதினீர்களே, பலமாகவா?

மிளகுக்கொடி | புதன், இரவு 10.50

பலமாகத்தான். ஜலதோஷத்தில் திறக்கவே இல்லை, நாலைந்து தடவை மூச்சைக் கட்டி ஊதினேன்.

கேள்விக்குறி | புதன், இரவு 11.02

இதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. ஏறும்போது நடுக்காதுக் காற்று சுலபமாக வெளியேறிவிடும், இறங்கும்போதுதான் வெளிக்காற்றின் அழுத்தம் கூடிக்கொண்டே வந்து செவிப்பறையை உள்ளே அமுக்கும், மூக்குக்குப் பின்னாலிருந்து காதுக்குப் போகிற குழாய் திறந்தால்தான் சமன் ஆகும். ஜலதோஷத்தில் அந்தக் குழாய் வீங்கி இருக்கும், திறக்க அடம்பிடிக்கும். அப்போது முரட்டுத்தனமாக ஊதினால், அபூர்வமாகத்தான், உள்காதுக்கும் நடுக்காதுக்கும் நடுவே உள்ள மெல்லிய சவ்வு கிழிந்து உள்காது நீர் கசியும். அதிலும் திடீரென்று கேட்காமல் போகும், தள்ளாட்டம் வரும். எச்சில் விழுங்குவது, கொட்டாவி, மிட்டாய் சப்புவது, அதுவே போதும் இந்த மலைக்கு. டாக்டர் பார்க்கும் வரை ஊதவே வேண்டாம்.

அஸ்தம்பட்டிக்காரன் | புதன், இரவு 11.10

ஸ்டீராய்டா? எலும்பு அரிக்கும், முகம் வீங்கும், சர்க்கரை வரும். எதற்கெடுத்தாலும் அதை எழுதிக் கொடுக்கிறார்கள். தம்பி, யோசித்துச் செய்யுங்கள்.

கேள்விக்குறி | புதன், இரவு 11.21

நீங்கள் சொல்வது மாதக் கணக்கில் எடுப்பவர்களுக்கு வருவது ஐயா. இங்கே பத்து நாளோ இரண்டு வாரமோதான். அதிலும் சர்க்கரை ஏறும், வயிறு எரியும், தூக்கம் கெடும், உண்மைதான். அதனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், அல்சர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், நடுவில் தானாக நிறுத்தக் கூடாது. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள்.

குரங்குச்சாவடி | வியாழன், காலை 7.15

2024 ஜூனில் பாடகி அல்கா யாக்னிக்குக்கு வந்ததும் இதுதானே? விமானத்தை விட்டு இறங்கியதும் திடீரென்று ஒன்றும் கேட்கவில்லை, வைரஸ் தாக்கி நரம்புக் கேட்புத்திறன் போய்விட்டது என்று டாக்டர்கள் சொன்னதாக அவரே எழுதியிருந்தார். நேற்று ராத்திரி கோழி இறகு என்று எழுதியதற்கு மன்னிக்கவும் அண்ணா. கிளம்பிவிட்டீர்களா?

ரயில்வே காலனி | வியாழன், காலை 8.40

சூரமங்கலத்திலிருந்து. பயமுறுத்த எழுதவில்லை, ஆனால் ஒரு காது என்றதும் எங்கள் அப்பா ஞாபகம் வந்தது. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். போனை எப்போதும் வலது காதில் வைத்துப் பேசுவார், எப்போது இடது காதுக்கு மாற்றினார் என்று எங்களுக்கே தெரியாது, அவருக்கும் தெரியாது. வலது காதில் 'உய்ய்' என்று சத்தம், வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம், ரெண்டு வருஷம். சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்று பிடிபடவில்லை என்பார். இருட்டில் நடக்கும்போது ஒரு பக்கம் சாய்வார்.

கடைசியில் காட்டியபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, வயசானதால் என்றால் இடது காது மட்டும் எப்படி இளமையாக இருக்கிறது என்பதுதான். மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ எடுத்ததில், காதிலிருந்து மூளைக்குப் போகிற எட்டாம் நரம்பில் ஒரு கட்டி. புற்று இல்லை, நரம்பின் உறையிலிருந்து வளர்வது, வருஷத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் வளருமாம், வளராமலே நின்றுவிடுவதும் உண்டு. அப்பாவுக்கு 1.4 சென்டிமீட்டர், வயதைப் பார்த்து அறுவையும் வேண்டாம் கதிரியக்கமும் வேண்டாம், வருஷத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறார், டிவி சத்தத்தைத் தவிர வீட்டில் சண்டை இல்லை. ஒரு காதில் கோளாறு என்று வருகிற நூறு பேரில் சில பேருக்குத்தான் இந்தக் கட்டி இருக்கும் என்றார் டாக்டர். அதனால் எம்.ஆர்.ஐ எழுதிக் கொடுத்தால் பதறாதீர்கள், தட்டவும் செய்யாதீர்கள்.

ஜவ்வரிசி | வியாழன், காலை 10.20

நான் ஒற்றைக் காதுக்காரன், 32 வருஷமாக. ஏழு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது, கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டு வேப்பிலை அரைத்துப் பூசினார்கள், வீக்கம் வடிந்தது, கூடவே இடது காதும் போனது. யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூப்பிட்டால் திரும்பவில்லை என்று அடி வாங்கியதுதான் மிச்சம். ஒன்பதாம் வகுப்பில் ரேடியோ கேட்க இயர்போன் வாங்கியபோது, இடது பக்கம் ரிப்பேர் என்று கடைக்காரனிடம் சண்டை போட்டுக் கண்டுபிடித்தேன்.

அரசுத் தடுப்பூசியில் தட்டம்மை, ரூபெல்லாவுக்குத்தான் போடுகிறார்கள், பொன்னுக்கு வீங்கிக்குப் போட வேண்டுமானால் தனியாரிடம்தான் போக வேண்டும். என் பெண்ணுக்கு அப்படித்தான் போட்டேன். சலுகை கிடைக்குமா என்று கேட்கிறவர்களுக்கு: 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ரெண்டு காதிலும் குறைந்தது 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் கணக்கு. ஒற்றைக் காதுக்கு ஒன்றும் இல்லை, அலைந்து பார்த்துவிட்டேன்.

மாங்கொட்டை | வியாழன், பகல் 12.05

எங்கள் வீட்டம்மாவுக்கும் ஒரு காதில் சத்தம், ஆனால் வண்டு இல்லை, 'புஸ் புஸ்' என்று இதயம் அடிக்கிற தாளத்தில். இதுவும் அதேதானா? அவர் கர்ப்பமாக இருக்கிறார், ஆறாம் மாதம்.

கேள்விக்குறி | வியாழன், பகல் 1.30

இல்லை அண்ணா, அது வேறு கிளை. மணிக்கட்டில் நாடி பிடித்துக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள், தாளம் ஒத்துப்போனால் அது ரத்த ஓட்டத்தின் சத்தம். கர்ப்பத்தில் ரத்தசோகை இருந்தால் வரும், ரத்த அழுத்தம், தைராய்டு, காதுக்குப் பக்கத்து ரத்தக்குழாயில் கோளாறு, நடுக்காதில் ரத்தக்குழாய்க் கட்டி என்று வேறு காரணங்களும் உண்டு. ஹீமோகுளோபினும் பி.பி.யும் இன்றைக்கே பாருங்கள், தலைவலியோ கண் மங்கலோ கூட இருந்தால் கொஞ்சமும் தாமதிக்காதீர்கள்.

கர்ப்பத்தில் சத்தத்தோடு காதும் மந்தமானால் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். நடுக்காதில் அங்கவடி எலும்பு என்று ஒன்று உண்டு, உடம்பிலேயே சின்ன எலும்பு, அது அசையாமல் இறுகிப்போகிற நோய் பெண்களுக்கு அதிகம், சிலருக்குக் கர்ப்பத்தில் கூடும். அந்த எலும்புக்குப் பதிலாகச் சின்ன பிஸ்டன் வைத்துச் சரி செய்கிறார்கள். மிளகுக்கொடி அண்ணாவிடமிருந்து சத்தமே இல்லையே?

மாங்கொட்டை | வியாழன், மாலை 5.40

ஹீமோகுளோபின் 7.4. டாக்டர் எங்களைத் திட்டினார். இரும்புச்சத்து ஏற்றப் போகிறார்கள். நன்றி அக்கா.

மிளகுக்கொடி | வியாழன், இரவு 8.15

இப்போதுதான் மேலே வந்து சேர்ந்தேன். வரிசையாகச் சொல்கிறேன். டாக்டர் முதலில் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், அழுக்கு துளியும் இல்லை, செவிப்பறை நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் நெற்றியில் கவையை வைத்தார், வலது பக்கம் கேட்கிறது என்றேன், அவர் முகம் மாறியது. உடனே ஆடியோகிராம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துக் கையில் பொத்தான் கொடுத்தார்கள், கேட்டால் அழுத்த வேண்டும். இடது காதில் எது மெஷின் சத்தம் எது என் சில்வண்டு என்று பிரிக்கவே முடியவில்லை, பரீட்சையில் பிட்டும் இல்லாமல் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

தாளில் டெசிபல் எண் கூடக் கூடக் காது மந்தம் என்று அர்த்தமாம். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், எல்லாம் மேலே 10, 15 என்று வரிசையாக. இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி, அது நம் மலைப்பாதை மாதிரி இறங்குகிறது. 500 ஹெர்ட்ஸில் 30, 1000இல் 40, 2000இல் 55, 4000இல் 70. நான் ஊதியதைச் சொன்னேன். அதுவாகவும் இருக்கலாம், ஜலதோஷத்து வைரஸாகவும் இருக்கலாம், இப்போது பிரித்துச் சொல்ல முடியாது என்றார். வெயிட் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, மூக்கைச் சிந்துவதுகூட மெதுவாக, தலையணை உயரமாக வைத்துப் படுக்க வேண்டும். காதைச் சுற்றிக் கொப்புளம் இருக்கிறதா, முகம் ஒரு பக்கம் இழுக்கிறதா என்றும் பார்த்தார், அக்கி வைரஸ் காது நரம்பில் வந்தால் அப்படி இருக்குமாம். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, அதனால் தினமும் பார்க்கச் சொல்லி ஸ்டீராய்டு ஆரம்பித்தாயிற்று. எம்.ஆர்.ஐக்கும் எழுதியிருக்கிறார், ரயில்வே காலனி எழுதியதைக் காலையில் பஸ்ஸில் படித்ததால் பதறவில்லை.

அஸ்தம்பட்டி அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம், எண்ணெய் காய்ச்சியது வீணாகவில்லை, வீட்டில் அதில் தாளித்துவிட்டார்கள்.

அஸ்தம்பட்டிக்காரன் | வியாழன், இரவு 8.31

கோபம் என்ன தம்பி. உடம்பைப் பாருங்கள்.

தறிச்சத்தம் | வெள்ளி, காலை 6.50

கேள்விக்குறி அம்மா, ஒரு சந்தேகம். காது கேட்காவிட்டால் அமைதியாக அல்லவா இருக்க வேண்டும், சத்தம் எங்கிருந்து வருகிறது?

கேள்விக்குறி | வெள்ளி, காலை 9.10

நல்ல கேள்வி ஐயா. உள்காதில் நத்தை மாதிரி சுருண்ட ஒரு குழாய், அதில் மயிர்க்கால் மாதிரி நுண்ணிய செல்கள், ஒரு காதுக்கு சுமார் 15,000. சத்தத்தை நரம்புக்குச் சொல்பவை அவைதான். சில செல்கள் செத்தால் அந்த அலைவரிசையில் மூளைக்குச் செய்தி வராது. மூளை சும்மா இருக்காது, ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவுக்கு வால்யூமைக் கூட்டுகிற மாதிரி தானே கூட்டிவைக்கும், அதில் கேட்கிற இரைச்சல்தான் இது என்று இப்போதைக்கு விளக்குகிறார்கள். அதனால்தான் மேல் அலைவரிசை போனவருக்கு விசில், சில்வண்டு, மெனியர் அக்காவுக்குக் கடல்.

மனிதருக்கு அந்தச் செல்கள் மறுபடி முளைப்பதில்லை. கோழிக்கு முளைக்கும். நிஜமாகத்தான் சொல்கிறேன், குரங்குச்சாவடித் தம்பி சிரிக்க வேண்டாம்.

குரங்குச்சாவடி | வெள்ளி, காலை 9.14

பாட்டி இறகோடு நிறுத்திவிட்டார், கோழியையே விட்டிருக்க வேண்டும்.

நெறியாளர் | வெள்ளி, காலை 9.40

இழையில் யாரும் மருந்தின் பெயரும் அளவும் எழுத வேண்டாம். நேற்று ஒருவர் இரைச்சலுக்கு ஜின்கோ மாத்திரை விற்பனை விளம்பரம் போட்டிருந்தார், நீக்கிவிட்டோம்.

மிளகுக்கொடி | 24 நாள் கழித்து, ஞாயிறு, மாலை 4.20

பலர் தனிச்செய்தியில் கேட்டதால் எழுதுகிறேன். எம்.ஆர்.ஐயில் ஒன்றும் இல்லை. மாத்திரை முடிந்தது, சர்க்கரை ஏறி இறங்கிவிட்டது. முதல் வாரம் மாற்றம் தெரியவில்லை, அதனால் செவிப்பறை வழியாக மூன்று ஊசி போட்டார், ஊசி போட்ட உடன் காதுக்குள் வெந்நீர் ஊற்றிய மாதிரி ஒரு நிமிஷம், அப்புறம் ஒன்றுமில்லை. பத்தாம் நாள் காலையில் வீட்டில் மிக்சி ஓடியது இடது பக்கமாகவும் கேட்டது. நேற்று எடுத்த ஆடியோகிராமில் 1000இல் 20, 2000இல் 30, ஆனால் 4000இல் இன்னும் 60. இதற்கு மேல் வருவது சந்தேகம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காரணம் என்ன என்று கேட்டேன், பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் கிடைக்காது, நீங்களும் அந்த ஒன்பதில் ஒருவர் என்றார். மலை மேல் சுமத்தலாம் என்று பார்த்தேன், அதற்கும் சாட்சி இல்லை.

சில்வண்டு இருக்கிறது. பகலில் மறந்துபோகிறது, ராத்திரி எங்கள் ஊர் அமைதியில்தான் தொல்லை.

கேள்விக்குறி | ஞாயிறு, மாலை 6.05

2000 வரை வந்ததே நல்ல செய்தி அண்ணா, பேச்சு பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். ராத்திரி முழு அமைதியில் படுக்காதீர்கள், குளிராக இருந்தாலும் ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி மெல்ல ஓட விடுங்கள், அல்லது மழைச் சத்தம் போனில் குறைவாக வையுங்கள். இரைச்சலுக்கு என்று யார் மாத்திரை கொடுத்தாலும் காசை வீணாக்க வேண்டாம், நிரூபணமானது ஒன்றுமில்லை. தூக்கமே போனால் சொல்லுங்கள், அதற்கு ஆலோசகரோடு பேசி மனதைப் பழக்குகிற பயிற்சி இருக்கிறது. மரம் அறுக்கிற மெஷின் பக்கம் போனால் ரெண்டு காதுக்கும் கவசம் போடாமல் நிற்காதீர்கள், அது 100 டெசிபலுக்கு மேலே.

ஜவ்வரிசி | ஞாயிறு, மாலை 6.30

ஒற்றைக் காதுக்காரனின் யோசனை: ஓட்டலில் சுவர் ஓரமாக, கெட்ட காது சுவருக்கு இருக்கும்படி உட்காருங்கள். ரோட்டைக் கடக்கும்போது சத்தத்தை நம்பாதீர்கள், எந்தப் பக்கம் வண்டி வருகிறது என்று ஒரு காதுக்குத் தெரியாது, ரெண்டு பக்கமும் கண்ணால் பாருங்கள். உங்களுக்கு வண்டியில் எப்படி?

மிளகுக்கொடி | ஞாயிறு, இரவு 7.10

வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு போன வாரம் ஒரு நடை இறக்கினேன். ஜலதோஷம் இல்லை, ஆனாலும் பத்தாவது வளைவிலிருந்து புளிப்பு மிட்டாய் சப்பிக்கொண்டே வந்தேன், மூக்கில் கை வைக்கவில்லை. லோடு பையன் இடது பக்கம்தானே, அவன் பாட்டில் மேல் சுருதி எனக்கு வருவதில்லை, தாளம் மட்டும் வருகிறது. சம்பளம் உயர்த்திக் கேட்டதாக அடிவாரம் வந்து சொல்கிறான், வளைவில் எனக்குக் கேட்கவில்லை.